மதாமுக்கு வளைகாப்பு

காரைக்காலில் நொத்தேர் வீதி என்று ஒரு வீதி, அந்த வீதியில் சொல்தா சவரிநாதர் வீடு, அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் படமாக உட்கார்ந்திருந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் ஒரு மாங்கனித் திருவிழா சாயங்காலத்தில் சட்டத்தை விட்டு இறங்கி வந்தாள். இதை நம்புவதா வேண்டாமா என்று நாங்கள் யோசிப்பதற்குள் செண்பகம் அவளுக்குக் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். காபி கொடுத்த பிறகு ஒருத்தியை நம்பாமல் இருப்பது மரியாதையில்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சவரிநாதர் எங்கேயோ இந்தோசீனக் காட்டில் துப்பாக்கி தூக்கியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் பாரீஸில், மிச்சமிருப்பது அவரும் ரேடியோவும். வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது நடந்த ஏலத்தில் அவருடைய அப்பா ஒரு சாய்வு நாற்காலி வாங்கப் போக, அதோடு சேர்த்து இந்தப் படத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வரைந்தவர் யார், வரையப்பட்டவள் யார், யாருக்கும் தெரியாது. நாங்கள் மதாம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் ஊரில் அந்த ஒரே பெயர்தான்.

ஆளுயரப் படம். பின்னால் வெறும் பழுப்புச் சுவர், ஒரு பூச்சாடி கிடையாது, ஒரு திரைச்சீலை கிடையாது. அந்தக் காலத்து ஓவியர்களுக்கு வெட்டி அலங்காரம் பிடிக்காது, கிரேக்கச் சிலையை வைக்கிற மாதிரி ஆளை வெறுமையில் உட்கார வைத்து, முகமும் கையும் துணி மடிப்புமே பேசட்டும் என்று விட்டுவிடுவார்கள் என்று சவரிநாதர் சொல்வார், அவருக்கு யார் சொன்னார்களோ. வளைந்த கால்கள் வைத்த ஒரு நீள ஆசனத்தில் மதாம் ஒருக்களித்துச் சாய்ந்திருப்பாள். உடம்பில் வெள்ளை மல் துணியில் ஒரு நீள உடுப்பு; இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பைக் காணோம், மார்புக்குச் சற்றுக் கீழேயே ஒரு நாடாவைக் கட்டி, அங்கிருந்து கால்வரை துணியைத் தாராளமாக விட்டிருக்கும். குட்டைக் கை, அதற்குக் கீழே விரல்வரை வெறும் கை, ஒரு வளையல் கிடையாது. கழுத்தில் ஒற்றைச் சரம் பவளம். தோளிலிருந்து நழுவி மடியில் கிடக்கிற சிவப்புக் காஷ்மீர் சால்வை, அதன் ஓரமெல்லாம் வரிசையாக மாங்காய்கள். முடியைக் காதோடு வெட்டிச் சுருட்டி விட்டிருக்கும். வாய் மூடியிருக்கும். இடதுபக்கம் எங்கேயோ ஒரு ஜன்னல் திறந்திருப்பதுபோல் அவள் மேல் எந்நேரமும் ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்.

ஆனி மாதம் சாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழங்களை வீசுவார்கள், கீழே நிற்கிறவர்கள் எம்பி எம்பிப் பிடிப்பார்கள், பிள்ளை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு முந்தானை விரிக்கிறவளுக்குப் பழம் விழுந்தால் அடுத்த திருவிழாவுக்குக் கையில் குழந்தையோடு வருவாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த வருஷம் செண்பகம் தன் மொட்டைமாடியிலிருந்து வீசிய பழம் ஒன்று, அவள் கைக்கு என்றைக்குமே குறி கிடையாது, கூட்டத்தையும் வீதியையும் தாண்டி, எதிர்ச்சாரியில் இருந்த சவரிநாதர் வீட்டு ஜன்னல் வழியாகப் போய் நேராக மதாமின் மடியில் விழுந்தது. கித்தான் கிழியவில்லை, சட்டம் ஆடவில்லை. மதாம் குனிந்து பார்த்தாள், எடுத்து முகர்ந்தாள். ஒருவர் ஒன்றைக் கொடுத்திருக்கும்போது இன்னமும் உட்கார்ந்தபடியே இருப்பது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், உடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டத்தின் கீழ்க்கட்டையில் கால் ஊன்றி, சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் கால் மாற்றித் தரையில் இறங்கினாள். நாற்காலியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த சவரிநாதர் அவளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று காலை மடக்கிக்கொண்டார்.

வாசலில் வந்து நின்றவளிடம் முதலில் பேசியது செண்பகம்தான். ரேஷன் கடைக்காரர் மனைவி. எங்கள் வீதியில் நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பேர் வைக்கிறது எதுவும் அவள் தட்டு எடுத்துக் கொடுக்காமல் நடந்ததில்லை.

"மதாமா? வெளிய வந்துட்டுதா?" என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நைட்டியோட வந்தாலும் மேல ஒரு துண்டு போட்டுக்கிட்டு வந்திருக்கு பாரு மரகதம். நம்ம தெருவுல எத்தன பேருக்கு அந்த புத்தி இருக்கு?"

அது எனக்கு விழுந்த குட்டு. நான் கறிவேப்பிலை வாங்க வாசலுக்கு வரும்போது நைட்டிக்கு மேல் துண்டு போடுவதில்லை என்பது அவளுக்கு நெடுநாள் குறை. பாரீஸில் பெரிய வீட்டுப் பெண்கள் உயிரை விடுமளவுக்கு ஆசைப்பட்ட காஷ்மீர் சால்வை அன்றைக்கு எங்கள் வீதியில் நைட்டிக்கு மேல் போடுகிற துண்டாகிவிட்டது. மதாம் அதற்கு மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. ஓவியர் வாயை மூடி வரைந்துவிட்டதால் அவளுக்குப் பேச்சு கிடையாது, சாப்பாடு கிடையாது. காபி டம்ளரை ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. முன்பக்கம் மட்டும்தான் வரைந்திருந்தார். திரும்பினால் முதுகுக்குப் பதில் பழுப்புக் கித்தானும் ஓரத்தில் துருப்பிடித்த ஆணிகளும் எண்ணெய் வாசனையுமாக இருக்கும். பின்னால் போய்ப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளைச் செண்பகம் தலையில் குட்டினாள். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் மதாமைச் சுவரோரமாக உட்கார வைப்பது, வீதியில் நடந்தால் யாராவது ஒருத்தி சால்வையை முதுகில் இழுத்துவிட்டுக்கொண்டே கூடப் போவது என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. ஊரில் யாருக்குத்தான் முதுகுப்பக்கம் சரியாக இருக்கிறது.

கரண்டு போனால் அவள் இருக்கிற வீட்டில் கூட்டம் சேரும். படத்து வெளிச்சம் அவளோடுதான் இறங்கி வந்திருந்தது, எங்கே உட்கார்ந்தாலும் இடதுபக்கத்திலிருந்து அவள் மேல் விழும், அந்த வெளிச்சத்தில் நாங்கள் அரிசி பொறுக்குவோம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும். ஊர் அடங்கினதும் ரயிலில் மேல் படுக்கைக்கு ஏறுகிறவள் மாதிரி சவரிநாதரின் நாற்காலியில் கால் வைத்துச் சட்டத்துக்குள் ஏறிக்கொள்வாள். காலையில் பால்காரர் வரும்போது வாசலில் நிற்பாள்.

ஒருத்தி வீதிக்கு வந்துவிட்டால் அவள் யார் எவர் என்று தெரிந்துகொள்ளாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. அவள்தான் பேச மாட்டாளே, உடுப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முடியிலிருந்து ஆரம்பித்தோம்.

"வேளாங்கண்ணிக்கு முடி குடுத்திருக்கு. இப்பதான் வளருது" என்றாள் செண்பகம்.

"இல்லம்மா" என்றார் சவரிநாதர். "அவங்க ஊர்ல புரட்சி வந்தப்ப ராஜாவையும் பெரிய மனுஷங்களையும் தலைய வெட்டுனாங்க. வெட்டறதுக்கு முந்தி கழுத்துக்கிட்ட முடியக் கத்தரிச்சிருவாங்க. அதப் பாத்துப் பாத்து மிச்சமிருந்த பொண்ணுங்களும் அதே மாதிரி கத்தரிச்சிக்கிட்டுதுங்க. அப்புறம் அதுவே பேஷனாயிட்டுது."

செண்பகம் மதாமின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப இது வீட்லயும் யாரோ போயிருக்காங்க. வேண்டுதல்னே வச்சுக்குவோம் மாமா, அதான் கேக்க நல்லாருக்கு" என்றாள். அதையே வைத்துக்கொண்டோம்.

வெள்ளை உடுப்புதான் கொஞ்சம் நெருடியது. எங்கள் பக்கத்தில் வெள்ளை உடுத்தினால் அதற்கு ஓர் அர்த்தம்தான். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து பழைய காலத்துச் சிலைகளைத் தோண்டியெடுத்தார்கள், அதெல்லாம் வெள்ளையாக இருந்தது, அதைப் பார்த்து அந்தப் பெண்களும் பட்டையும் சரிகையையும் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளை உடுத்த ஆரம்பித்தார்கள், கல்யாணப் பெண்கூட வெள்ளைதான், துணிகூட நம் நாட்டிலிருந்து கப்பலில் போன மல்தான் என்று சவரிநாதர் விளக்கினார். பட்டைத் தூக்கிப் போட்டதற்காக நாங்கள் வருத்தப்பட்டோம். நம் துணியை உடுத்திக்கொண்டு நம் ஊருக்கே வந்திருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டோம். கழுத்துப் பவளத்தைச் செண்பகம் விரலால் நெருடிப் பார்த்து, பவளம் கோத்துத் தாலி கட்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு என்று சொல்லவே, அவள் சுமங்கலி என்பது முடிவாயிற்று. புருஷன் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பேரரசரின் பட்டாளத்தோடு போயிருக்கிறான். எங்கள் வீதியில் பாதிப் பேர் வீட்டுக்காரர்கள் குவைத்திலும் பிரான்சிலும் இருக்கிறார்கள், அதில் இவள் ஒருத்தி.

அதற்குப் பிறகுதான் உடுப்பின் இடுப்பு எங்கள் கண்ணில் பட்டது. மார்புக்குக் கீழே நாடா, அதற்குக் கீழே தாராளம். அப்படித் தைத்துப் போட்டுக்கொள்கிறவள் எந்த நிலையில் இருப்பாள் என்பது பெண்ணாய்ப் பிறந்த யாருக்கும் தெரியும். போதாததற்கு மடியில் மாம்பழம் விழுந்திருக்கிறது.

"அஞ்சு மாசம்" என்றாள் செண்பகம்.

பழம் விழுந்து அஞ்சு நாள்கூட ஆகவில்லையே என்று கேட்டேன்.

"சாமி அட்வான்ஸா குடுத்திருக்கும். ஒனக்கென்ன?"

"அது வயிறு இல்லம்மா, தையல்" என்றார் சவரிநாதர். "அந்தக் காலத்துல இடுப்ப மேல ஏத்தித்தான் தைப்பாங்க. கன்னிப் பொண்ணுக்கும் அப்படித்தான்."

"மாமா, ஒங்களுக்கு எத்தன புள்ள?"

"மூணு."

"நீங்களா பெத்தீங்க?"

சவரிநாதர் ரேடியோவைத் திருகினார். செண்பகம் அன்றைக்கே அறிவித்துவிட்டாள்: பழம் தன் கைப்பழம், எனவே மதாமுக்குத் தாய்வீடு தான்தான், ஆவணியில் ஏழாம் மாதம் பிறந்ததும் தன் செலவில் வளைகாப்பு. வீதியே சந்தோஷமாகத் தலையாட்டியது, நானும் ஆட்டினேன்.

ஆட்டிவிட்டு நிமிர்ந்தபோது எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிஜமாகவே அஞ்சு மாதக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பூங்கோதை, நாங்கள் கோதை என்போம். அவள் வீட்டுக்காரன் மதியழகன் ஐஸ் பாக்டரி வண்டி ஓட்டினவன். பங்குனியில் நாகூர் ரோட்டில் வண்டி கவிழ்ந்து போய்விட்டான். வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரியும், அவனிடம் சொல்லியிருந்தாளா என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. சடங்கு செய்து வளையலை உடைத்துப் பொட்டை அழித்து உள்ளே உட்கார வைத்தார்கள். வைத்தது மாமியார் வேதம். ஒரே பிள்ளை அவளுக்கு. பிள்ளை போனதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, மருமகள் வாசல் பக்கம் வந்தால் "உள்ள போ" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கோதை தெருவறை ஜன்னலோடு நின்றுகொள்வாள். எதிர்ச்சாரியில் மதாம் வந்து நிற்பாள். மதாமின் படம் தொங்கிய இடம் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. அவன் கோதையைக் கைபிடித்து அழைத்து வந்ததையும், அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதையும் சுவரிலிருந்தபடியே பார்த்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் வேதம் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கோதைக்குக் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோனேன். ஜன்னல் கம்பி வழியாக வாங்கிக்கொண்டாள்.

"ஏழாம் மாசத்துல புள்ளைக்குக் காது கேக்குமாங்கக்கா?" என்றாள்.

"கேக்குமாம். அதுக்குத்தானே வளையலு போடறது. கை அசையறப்பல்லாம் உள்ள சத்தம் கேக்கும், நம்ம அம்மா இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. கோதை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ளைக்கு நா இருக்கறது தெரியாது" என்றாள்.

அழவில்லை. விலைவாசி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் என் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே செண்பகம் வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று, கோதைக்கும் ரெண்டு வளையல் போட்டால் குறைந்தா போய்விடுவோம் என்று கேட்டேன்.

செண்பகம் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் கல்லு மனசா மரகதம்? வேதம் அக்கா வாசல்ல யாரு போயி நிக்கிறது? பெத்த புள்ளையப் பறிகுடுத்துட்டுக் கெடக்குறவகிட்ட, ஒன் வீட்ல வளையல் சத்தம் கேக்கணும்னு எந்த வாயால சொல்றது? நீ சொல்லுவியா?"

நான் சொல்லவில்லை. எங்கள் வீதியில் யாரும் கெட்டவர்களில்லை, சொல்லத்தான் ஆளில்லை. புருஷனில்லாதவளுக்கு வளைகாப்பு கிடையாது என்பதை எங்களில் ஒருத்தியும் நல்லதென்று சொல்ல மாட்டாள், ஆனாலும் அந்த வழக்கம் வேண்டாமென்று முதலில் எழுந்து நிற்க எல்லோருக்கும் கால் மரத்துப் போயிருந்தது.

மதாமுக்கு வளைகாப்பு என்ற சேதி கோதைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை நான் போனபோது அவள் சிரித்தாள், மதியழகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அவங்க வீட்டுக்காரர் செத்து இருநூறு வருஷம் இருக்கும்லக்கா?"

"இருக்கும்."

"எங்க வீட்டுக்காரர் செத்து நாலு மாசம். நாந்தான் அவசரப்பட்டுட்டேன் போலருக்கு."

ஊறுகாய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதிரே மதாம் வாசல் நிலையில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, சவரிநாதர் வீட்டுக் கூடத்தில் கோலம் போட்டு, மதாமின் நீள ஆசனத்தைப் படத்திலிருந்து இறக்க முடியாததால் சாய்வு நாற்காலியிலேயே பட்டுத்துணி விரித்து, முதுகு சுவரில் படும்படி அவளை உட்கார வைத்தோம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தூக்குகளில் வந்து இறங்கின. சவரிநாதர் வேட்டி சட்டைக்கு மேல் பட்டாளத்துப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, பெண்கள் கூடியிருக்கிற இடமென்று பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வளையல்கார மைமூன் பெட்டியோடு வந்தாள். மைமூன் கையால் வளையல் ஏற்றினால் ஒன்றுகூட உடையாது என்று ஊரில் பேர். எதிர்வீட்டு ஜன்னலில் கோதை நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமலிருக்க நாங்கள் எல்லோரும் வேலை செய்துகொண்டே இருந்தோம்.

கன்னத்தில் சந்தனம் பூசினோம். நெற்றியில் குங்குமம் வைத்தோம். வேப்பங்கொழுந்தில் வளைத்த காப்பை முதலில் போட்டு, அப்புறம் மைமூன் மதாமின் கையைத் தன் கைக்குள் வாங்கிக் குவித்து, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தாள். முதலில் செண்பகத்துக்குத்தான் சந்தேகம் வந்தது. வளைகாப்புப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொன்னாள். மதாமின் கையைத் தூக்கி ஆட்டினாள்.

சத்தமே இல்லை. வளையல்கள் மணிக்கட்டில் புரண்டன, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு வெள்ளை மினுக்கம்கூடத் தெரிந்தது, நல்ல ஓவியர் தூரிகை நுனியால் வைத்த மாதிரி. அவள் கைக்குப் போனதும் அவையும் படமாகிவிட்டிருந்தன.

"கண்ணாடிதான்மா, நானே தட்டிப் பாத்து எடுத்தது" என்றாள் மைமூன், அழுகிற குரலில்.

சத்தமில்லாத வளைகாப்பை யாரும் கேள்விப்பட்டதில்லை. செண்பகம் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு எல்லார் முன்னாலும் குனிந்து, ஆசீர்வாதம் செய்கிறவள்போல மதாமின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள், அழுத்தினாள், கையை எடுத்துக்கொண்டாள்.

"துணிதான் இருக்கு" என்றாள் மெதுவாக.

"நா அப்பவே சொன்னேன்" என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அஞ்சு வகை சாதமும் ஆறிக்கொண்டிருந்தது, சந்தனக் கிண்ணம் நிறைந்திருந்தது, மைமூனின் பெட்டியில் இன்னும் அத்தனை வளையல்கள் இருந்தன. ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருத்தி கூப்பிடு தூரத்தில் நிற்கிறாள், நாங்கள் ஒரு தையலுக்கு வளைகாப்பு நடத்திக்கொண்டிருக்கிறோம். அந்தக் கூடத்தில் அது தெரியாதவர்கள் ஒருவருமில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

மதாம் எழுந்தாள். சால்வை நழுவி நாற்காலியிலேயே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. வெறும் முதுகோடு, பழுப்புக் கித்தானும் ஆணியும் அத்தனை பேருக்கும் தெரிய, கூடத்தைத் தாண்டி வாசற்படி இறங்கி வீதியில் நடந்தாள். எப்போதும் அவள் பின்னால் ஓடி மறைக்கிற நாங்கள் அன்றைக்கு மறைக்கவில்லை. கூடவே போனோம், மைமூனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டோம்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று மதாம் தன் கையை நீட்டினாள். கோதை பின்னால் நகர்ந்துகொண்டாள். "வேண்டாங்க" என்றாள். "அத்தை உள்ளதான் இருக்காங்க. வேண்டாங்க." மதாம் கையை எடுக்கவில்லை. ஒரே நிலையில் எத்தனை நேரமானாலும் இருக்கத் தெரிந்தவள் அவள், கழுத்து சாயாமல் முகம் மாறாமல் நின்றாள், கடைசியில் கோதையின் கைதான் வெளியே வந்தது. அதைத் தன் கைக்குள் வாங்கி, மைமூன் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரியே குவித்துப் பிடித்து, தன் மணிக்கட்டிலிருந்து ஒரு வளையலை உருட்டி அவள் மணிக்கட்டுக்கு ஏற்றினாள்.

ஒரு வளையலுக்குச் சத்தம் வராது. இரண்டாவது ஏறியபோது வந்தது.

கண்ணாடியில் கண்ணாடி படுகிற அந்தச் சின்னச் சத்தத்தை என் ஆயுசில் எத்தனையோ வளைகாப்பில் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் காது கொடுத்ததில்லை. அன்றைக்கு வீதி முழுக்க அந்தச் சத்தம் ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது, நாலாவது என்று மதாம் நிதானமாக ஏற்றிக்கொண்டே போனாள், அவள் கை வெறுமையாக ஆக ஆக இந்தக் கை நிறைந்தது. கோதை கையை உள்ளே இழுத்து வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒருமுறை அசைத்தாள். நிறுத்திக் கேட்டாள். மறுபடி அசைத்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே அசைத்துக்கொண்டிருந்தாள்.

செண்பகம் சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்த நேரத்தில் உள்ளே பின்கட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, வேதம் நடந்து வந்தாள். செண்பகம் வைத்த காலை அப்படியே நிறுத்தினாள். பங்குனியில் கோதையின் வளையலை உடைத்தது வேதத்தின் கைதான், எங்கள் அத்தனை பேர் கண்ணும் இப்போது அந்தக் கையில்தான் இருந்தது.

வேதம் மருமகளின் கையைப் பிடித்தாள். வளையல்களைப் பார்த்தாள், கம்பிக்கு வெளியே நின்ற மதாமைப் பார்த்தாள், கிண்ணத்தோடு நட்டநடு வீதியில் நின்ற செண்பகத்தையும் அவள் பின்னால் நின்ற எங்களையும் ஒருத்தி விடாமல் பார்த்தாள். கோதை கண்ணை மூடிக்கொண்டாள். வேதம் அந்தக் கையை விட்டுவிட்டு மற்றொரு கையை எடுத்து, அதைக் கம்பிக்கு வெளியே நீட்டி, மைமூனுக்கு நேராகப் பிடித்தாள்.

"இந்தக் கை என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

மதாம் ஒதுங்கி இடம் விட்டாள். மைமூன் ஜன்னலுக்கு அடியிலேயே வீதியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.